பித்தப்பைக் கல்லும் வலியில்லாத நாள்களும்

பித்தப்பைக் கல் இருப்பவர்களை மிகவும் ஏமாற்றுபவை வலியில்லாத நாள்கள்தாம். வலி வந்த இரவில் "எப்படியாவது இதை எடுத்துவிடுங்கள், டாக்டர்" என்று கெஞ்சுகிற அதே மனிதர், நாலைந்து நாள் கழித்து நன்றாகப் பசித்து, நன்றாக உறங்கி எழுந்ததும், "இப்போது ஒன்றும் இல்லையே, எதற்காக வயிற்றில் கத்தி வைக்க வேண்டும்?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார். சில மாதங்களாக நானும் இந்த இரண்டு மனநிலைகளுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தேன். இப்போது அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டு காத்திருக்கிறேன். அந்த முடிவை வலியில் துடித்த இரவு எதிலும் நான் எடுக்கவில்லை. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், ஸ்கேன் அறிக்கையை மேசைமீது விரித்து வைத்து, கணவரும் நானுமாக உட்கார்ந்து பேசி எடுத்தோம். இந்த நோய்க்கான முடிவை அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்; அதற்கான காரணங்களை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு வந்த வலிகளிலேயே கடுமையானது, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு முடிந்த இரவில் வந்தது. திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொதியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தேங்காயை முதல் பால், இரண்டாம் பால் என்று பிழிந்தெடுத்து, பாசிப்பருப்பும் காய்களும் சேர்த்துச் செய்யும் குழம்பு அது, செரிமானத்துக்காகக் கூடவே இஞ்சிப் பச்சடி வைப்பார்கள். அன்றிரவு பத்தரை மணிக்கு மேல், வலது விலாவுக்குக் கீழே ஏதோ வந்து அடைத்துக்கொண்டதைப்போல் தொடங்கியது. கால்மணி நேரத்துக்குள் மேல்வயிறு முழுவதும் பரவி, முதுகில் வலது தோள்பட்டை எலும்புக்கு அடியில் போய் நின்றது. பிரசவ வலியைப்போல விட்டுவிட்டு வரவில்லை. ஏறிய உயரத்திலேயே நின்றது. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சமையலறை மேடையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நெற்றியைச் சுவரில் அழுத்தியபடி நின்றேன். உடுத்தியிருந்த துணி வியர்வையில் ஊறி முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாந்தி எடுத்தும் அடங்கவில்லை. பிறகு, விடியற்காலை இரண்டு மணியளவில், யாரும் எதுவும் செய்யாமலேயே அது இறங்கி மறைந்துவிட்டது. உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அதன் பொருளை அன்றுதான் உணர்ந்தேன்.

அது ஏன் அப்படி வந்து, அப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டபோது என் அச்சத்தில் பாதி குறைந்தது. கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டருக்கும் மேலாகப் பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி, கல்லீரலின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பித்தப்பைக்குள் போய்த் தங்குகிறது. 30 முதல் 50 மில்லிலிட்டர் வரை கொள்ளக்கூடிய அந்தச் சிறிய பை, பித்தநீரில் உள்ள தண்ணீரை உறிஞ்சி, அதைப் பல மடங்கு செறிவாக்கி வைத்திருக்கிறது. கொழுப்புள்ள உணவு இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலை எட்டியதும், குடலின் உட்சுவரிலிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலந்து, பையைச் சுருங்கச் சொல்கிறது. 1928-இல் கண்டறியப்பட்ட இந்த ஹார்மோனின் வேலை, கல் இல்லாதவர்களுக்கு வரப்பிரசாதம். கல் இருப்பவர்களுக்கோ, பை சுருங்கும்போது கல் ஒன்று உருண்டு வந்து பையின் கழுத்தில் அடைத்துக்கொள்கிறது. வெளியேற வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அதுதான் அந்த வலி. கல் நழுவிப் பைக்குள்ளேயே திரும்ப விழுந்துவிட்டால் வலியும் நின்றுவிடுகிறது. அன்றிரவு நான் பிழைத்தது அப்படித்தான். தேங்காய்ப் பாலை மூன்று கரண்டி ஊற்றிச் சாப்பிட்டதற்கும் நள்ளிரவு வலிக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நேரடியானது.

எங்கள் வீடுகளில் மேல்வயிற்றில் வலி என்றாலே வாய்வுதான். பூண்டைச் சுட்டுத் தின்னச் சொல்வார்கள், மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுப்பார்கள், ஓமத்தண்ணீர் வரும், கோலி சோடா வரும். வீட்டுக்கு அருகிலிருந்த சிறிய கிளினிக் ஒன்றிலும் வெகு நாள்களாக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்; வயிற்றை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. வலி எப்படியும் சில மணி நேரத்தில் தானாக நின்றுவிடும் என்பதால், கடைசியாக எதைக் குடித்தோமோ அதற்கே பெருமை போய்ச் சேர்ந்தது. ஆகவே, பித்தப்பை வலியை அடையாளம் காண்பதற்கு உதவக்கூடியவற்றைச் சொல்லிவிடுகிறேன். அது பெரும்பாலும் சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து, பலருக்கு இரவில் வரும். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் நீடிக்கும். ஐந்தாறு மணி நேரம் வரையிலும் போகும். மேல்வயிற்றின் நடுவிலோ வலப்பக்கத்திலோ தொடங்கி, வலது தோள்பட்டைக்கோ முதுகுக்கோ பரவும். ஏப்பம் விட்டாலும், மலம் கழித்தாலும், அமில மருந்து குடித்தாலும் குறையாது. இவ்வளவும் பொருந்தினாலும், முதல் முறையாக வரும்போது இதுதான் என்று நாமே தீர்மானித்துக்கொள்ளக் கூடாது. மாரடைப்பும் மேல்வயிற்று வலியாக வரக்கூடும். அதிலும் பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல்கூட வரலாம். வியர்த்துக் கொட்டும் மேல்வயிற்று வலிக்கு முதலில் எடுக்க வேண்டியது ஈசிஜி. எனக்கும் அதைத்தான் முதலில் எடுத்தார்கள்.

கல்லைக் கண்டுபிடிப்பதற்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே போதும். பெரிய செலவில்லை, வலியில்லை. ஆறு முதல் எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் பை சுருங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது. வெறும் வயிற்றில் ஜெல்லைத் தடவி, விலாவுக்குக் கீழே கருவியை அழுத்திக்கொண்டிருந்த பெண் மருத்துவர், "இடதுபக்கம் ஒருக்களித்துப் படுங்கள்" என்றார். நான் புரண்டபோது திரையில் வெள்ளையாகத் தெரிந்த சிறு புள்ளிகள் பையின் அடியிலிருந்து மெல்ல உருண்டு இன்னோர் ஓரத்தில் சேர்ந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கறுப்பு நிழல் நீண்டிருந்தது. ஒலியலை கல்லைத் தாண்டிப் போக முடியாததால் விழும் நிழல் அது என்றும், புரளும்போது நகர்வதாலும் நிழல் விழுவதாலும்தான் அது கல் என்று உறுதியாகிறது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். பாலிப் என்கிற சதை வளர்ச்சியாக இருந்தால் அது சுவரோடு ஒட்டியே இருக்கும், நகராது. அத்துடன் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளத்தின் அகலம், பையின் சுவர்த் தடிப்பு ஆகியவற்றையும் அளந்து எழுதினார். கல்லீரல் செயல்பாட்டைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். கல் ஏதேனும் பையை விட்டு நழுவி நாளத்தில் அடைத்திருந்தால் பிலிருபின் என்ற பித்த நிறமியும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் இரத்தத்தில் கூடியிருக்கும். எனக்கு அவை சரியாக இருந்தன.

அடுத்து நான் கேட்ட கேள்வி, எல்லோரும் கேட்பதுதான்: மாத்திரையில் கரைக்க முடியாதா? அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்றொரு மருந்து உண்டு. பை நன்றாகச் சுருங்கி விரிந்து, கற்கள் சிறியனவாகவும் சுண்ணாம்பு ஏறாத கொலஸ்ட்ரால் கற்களாகவும் இருந்தால், ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை அதைத் தொடர்ந்து சாப்பிட்டுக் கரைக்க வாய்ப்பிருக்கிறது. கரைந்தாலும், ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மறுபடி கல் உண்டாகிறது. நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கற்களே மிகுதி. தென்னிந்தியாவில் கறுத்த நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கூடுதலாகக் காணப்படுகின்றன. நிறமிக் கற்களை அந்த மருந்து தொடாது. சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைப்பதுபோல் இதையும் உடைத்துவிடலாமே என்றும் கேட்டேன். 1980-களில் ஜெர்மனியில் அதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உடைந்த துண்டுகள் பித்தநாளத்துக்குள் இறங்கி வேறு சிக்கலை உண்டாக்கக்கூடும். கல்லை உண்டாக்கிய பையோ அப்படியே இருக்கும். அதனால் அந்த முறை பின்னர் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

கை வைத்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் எனக்கு வந்த அறிவுரைகளில் பெரும்பகுதி அதுதான். வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம், நெருஞ்சில் தண்ணீர் ஆகியவற்றை அன்போடு காய்ச்சியே கொண்டுவந்து கொடுத்த சொந்தங்கள் இருக்கிறார்கள். அவை சிறுநீர்க் கல்லுக்காக நம் வீடுகளில் வழங்கிவரும் மருந்துகள். சிறுநீரகத்திலிருந்து கல் வெளியேறும் பாதை வேறு, பித்தநீர் போகும் பாதை வேறு. எவ்வளவு சிறுநீர் பிரிந்தாலும் அது பித்தப்பையைக் கழுவிக்கொண்டு போகாது. "கல்லடைப்பு" என்று இரண்டையும் ஒரே பெயரால் சொல்லிவிடுவதால், ஒன்றுக்கு உதவுவது மற்றதற்கும் உதவும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. சிறுநீர்க் கல் தானாக வெளியேறினால் நல்லது. பித்தப்பைக் கல் கீழே இறங்கினால் ஆபத்து. இந்த ஒரு வேறுபாட்டை எல்லோரும் தெரிந்துகொண்டால் போதும் என்று தோன்றுகிறது.

வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிற இன்னொரு வைத்தியம் இன்னும் கவலை தருவது. ஐந்து நாள் ஆப்பிள் சாறு குடித்து, ஆறாம் நாள் மாலையில் எப்சம் உப்பு சாப்பிட்டு, இரவில் ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து குடித்தால், மறுநாள் காலை மலத்தோடு பச்சை நிறத்தில் கற்கள் வந்து விழும் என்பது அது. உண்மையாகவே பச்சை உருண்டைகள் விழுகின்றன. அதனால்தான் இவ்வளவு பேர் நம்புகிறார்கள். நியூசிலாந்தில் ஒரு பெண்மணி அப்படி வெளியேறியவற்றைச் சேர்த்து மருத்துவர்களிடம் கொடுத்திருக்கிறார். அவற்றை ஆராய்ந்து 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்: அவற்றில் கொலஸ்ட்ராலும் இல்லை, பிலிருபினும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. குடித்த எண்ணெயே குடலுக்குள் செரிமானச் சாறுகளோடு சேர்ந்து சோப்பாகத் திரண்டு வந்திருக்கிறது. அந்தப் பெண்மணியின் பித்தப்பையில் கற்கள் அப்படியே இருந்தன. பிறகு அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். கல் இருக்கும் பையை ஒரே நேரத்தில் அவ்வளவு எண்ணெய் குடித்துச் சுருங்கச் செய்வது, அடைப்பை நாமே வரவழைப்பதாகும். தயவுசெய்து யாரும் இதை முயல வேண்டாம். யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, வயிற்றுக்குள் கல் வளரும் என்பதையே நம்ப முடியவில்லை. கோரோசனையைச் சொல்லித்தான் நம்பவைத்தேன். அவர் தம் பிள்ளைகளுக்கும் பேத்திக்கும் சளிக்குத் தாய்ப்பாலில் உரைத்துக் கொடுத்த கோரோசனை, மாட்டின் பித்தப்பையில் விளைகிற கல். அதைக் கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப மாட்டுக்கு வர்ற மாதிரி மனுசருக்கும் வரத்தானே செய்யும்" என்றார். அடுத்த கேள்வி உடனே வந்தது: "கல்ல மட்டும் எடுத்தா போதாதா, தாயி? சாமி குடுத்த உறுப்ப எதுக்கு எடுக்கணும்?"

நியாயமான கேள்வி அது. மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அந்தக் கேள்வியோடு நின்றிருந்தது. 1867-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஜான் பாப்ஸ் என்ற அறுவை மருத்துவர், பித்தப்பையைத் திறந்து கற்களை மட்டும் எடுத்துவிட்டுத் தைத்தார். பெர்லினில் கார்ல் லாங்கன்பூக், பை இருக்கும்வரை கல் உண்டாகிக்கொண்டேதான் இருக்கும், ஆகவே பையையே எடுக்க வேண்டும் என்று வாதிட்டார். இறந்த உடல்களில் பல ஆண்டுகள் பயின்றுவிட்டு, 1882 ஜூலை 15 அன்று, பல ஆண்டுகளாக வலியால் துன்பப்பட்டு உடல் மெலிந்துபோயிருந்த 43 வயது மனிதர் ஒருவருக்கு முதன்முதலாகப் பித்தப்பையை முழுமையாக நீக்கினார். அவர் பிழைத்து நலமடைந்தார். பித்தப்பை இல்லாமலும் வாழ முடியும் என்பதற்கு, அது பிறவியிலேயே இல்லாத விலங்குகள் இருப்பதும் ஒரு சான்றாக இருந்தது. யானைக்குப் பித்தப்பை கிடையாது, குதிரைக்கும் கிடையாது. "யானைக்கே இல்லையா!" என்று அத்தை வியந்தார். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேமித்துவைக்கும் இடம் மட்டுமே. பையை எடுத்த பிறகு பித்தநீர் சேமிக்கப்படாமல் நேரே குடலுக்குள் சொட்டிக்கொண்டிருக்கும். சிலருக்குக் கொஞ்ச காலம், எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு ஏற்படும். பெரும்பாலோருக்கு அது தானாகச் சரியாகிவிடும். ஒரு சிலருக்கு நீடிப்பதும் உண்டு. இதை மறைக்காமல் என் மருத்துவர் சொன்னதால் அவர்மீது நம்பிக்கை கூடியது.

எல்லாப் பித்தப்பைக் கற்களையும் எடுத்தாக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும், ஒருநாளும் வலி தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்களில் வலியில்லாத கல் இருந்த 123 பேரைத் தொடர்ந்து கவனித்து 1982-இல் வெளியிட்ட ஆய்வில், 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 18 சதவீதம் பேருக்கு மட்டுமே வலி வந்தது. அந்த 123 பேரில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதையும் சேர்த்தே அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆனாலும் பிற்காலத்து மருத்துவம் அந்த வழியில்தான் போகிறது. கல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருப்பது, பையின் சுவர் சுண்ணாம்பு ஏறி இறுகிப்போவது போன்ற சில நிலைகளில் மட்டும் வலி இல்லாவிட்டாலும் எடுப்பதைப் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். ஒருமுறை வலி வந்துவிட்டால் கதையே வேறு. வந்த வலி மறுபடியும் வருவதற்கான வாய்ப்பு மிகுதி. கல் கழுத்தில் அடைத்தபடியே நின்றுவிட்டால் பை வீங்கிச் சீழ்பிடிக்கலாம். பித்தநாளத்தில் இறங்கி அடைத்தால் மஞ்சள் காமாலை வரும்; அதோடு கிருமியும் சேர்ந்தால் குளிர்காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கணையத்தின் குழாய் வந்து சேரும் இடத்தில் சிக்கினால் கணையம் அழற்சியடையும். இதில் நான் புதிதாகத் தெரிந்துகொண்டது, கணைய அழற்சிக்குச் சிறிய கற்களே பெரிதும் காரணமாகின்றன என்பது. பெரிய கல்லால் பையின் கழுத்தைத் தாண்ட முடியாது, கடுகளவுக் கல் சுலபமாக நழுவி இறங்கிவிடும். "சின்னக் கல்தானே, விட்டுவிடலாம்" என்று ஆறுதல் சொன்னவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

நான் முடிவெடுத்தது இந்த இடத்தில்தான். திட்டமிட்ட ஒரு நாளில், வெறும் வயிற்றோடு, எல்லாப் பரிசோதனையும் முடித்து, வீக்கமில்லாத பையை எடுப்பது ஒன்று. நள்ளிரவில் காய்ச்சலோடு அள்ளிக்கொண்டு போய், வீங்கிச் சுற்றியுள்ளவற்றோடு ஒட்டிக்கொண்ட பையை எடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர்தான், ஆனால் அறுவை மருத்துவருக்கு வேலையும் வேறு, நோயாளிக்கு ஆபத்தும் வேறு. அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று ஒத்திப்போடுகிறவர் உண்மையில் இரண்டாவதற்குப் பெயர் கொடுத்துவிட்டு வருகிறார் என்றே எனக்குப் பட்டது.

அறுவை சிகிச்சையும் நம் பெற்றோர் காலத்ததைப்போல் இப்போது இல்லை. விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கீறி, ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் கிடந்த பெரியம்மாவின் நினைவுதான் எனக்குள் இருந்த பயம். 1985 செப்டம்பரில் ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் எரிக் மியூஹே என்ற மருத்துவர், சிறு துளை வழியாக வயிற்றுக்குள் பார்க்க உதவும் லேப்ராஸ்கோப் என்ற குழாய்க் கருவி மூலம் பித்தப்பையை எடுத்தபோது, அவருடைய நாட்டு அறுவை மருத்துவர்களே ஏளனம் செய்தார்கள்; சில ஆண்டுகளில் உலகமே அந்த முறைக்கு மாறியது. இந்தியாவில் 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெம்டன் உத்வாடியா அதைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் கோவையின் மருத்துவர் சி. பழனிவேலு போன்றோர் லேப்ராஸ்கோப்பியில் முன்னோடிகளாக இருந்தார்கள். இன்று மாவட்டத் தலைநகரங்களில் அது அன்றாடம் நடக்கிறது. தொப்புளில் ஒன்றும் மேல்வயிற்றில் மூன்றுமாகச் சிறு துளைகள் இட்டு, வயிற்றுக்குள் கார்பன் டைஆக்சைடு வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கி, கேமரா காட்டும் படத்தைத் திரையில் பார்த்தபடி பையைப் பிரித்து எடுக்கிறார்கள். முழு மயக்க மருந்து கொடுப்பார்கள். சிக்கல் இல்லாவிட்டால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் ஓரிரு நாள் தோள்பட்டையில் வலி இருக்குமாம். தெரியாதவர்கள் அதைக் கண்டு பயந்துபோகிறார்கள் என்பதால் மருத்துவர் முன்பே சொல்லிவைத்தார்.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த அறுவை சிகிச்சையில் அறுவை மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது, பைக்குப் போகும் குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தநாளத்தைக் காயப்படுத்திவிடுவது. ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேர் வரை இது நேர்வதாகக் கணக்குகள் சொல்கின்றன. இதைத் தவிர்ப்பதற்காக 1995-இல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அறுவை மருத்துவர் ஒரு நெறியை வகுத்தார்: சுற்றியுள்ள கொழுப்பையும் நாரையும் முழுமையாக விலக்கி, பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து ஓரளவு பிரித்து, பைக்குள் போவது ஒரு குழாயும் ஓர் இரத்த நாளமும் ஆகிய இரண்டு மட்டுமே என்று கண்ணால் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே கிளிப் போட வேண்டும். அது தெளிவாகத் தெரியாவிட்டால் பழைய முறையில் வயிற்றைத் திறந்து செய்வதோ, பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து நிறுத்திக்கொள்வதோ பாதுகாப்பானது. ஒப்புதல் படிவத்தில் "தேவைப்பட்டால் திறந்த அறுவை சிகிச்சை" என்ற வரியைப் பார்த்து நான் முதலில் கலங்கினேன். இப்போது அந்த வரி எனக்கு ஆறுதலாக இருக்கிறது. வழி தெரியாதபோது துளை வழியாகவே முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காத மருத்துவரிடம்தான் என் வயிற்றை ஒப்படைக்க விரும்புகிறேன். உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: இதை அடிக்கடி செய்கிறீர்களா, திறந்த முறைக்கு எப்போது மாறுவீர்கள், நாளத்தில் கல் இருந்தால் என்ன செய்வீர்கள்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செலவைப் பற்றி ஒரு சொல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பவர்கள், தங்கள் மருத்துவமனையில் இதற்கு அது பொருந்துமா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். தனியார் பாலிசிகள் பலவற்றில் பித்தப்பைக் கல்லுக்கென்று தனியாக இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ காத்திருப்புக் காலம் இருக்கிறது. புதிதாகப் பாலிசி எடுத்தவர்கள் அந்தப் பக்கத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் சாப்பாடுதான் கையில் இருக்கும் கருவி. அது கல்லைக் கரைக்காது. வலி வரும் தடவைகளைக் குறைக்கும். தேங்காய்ப் பாலையும், பொரித்தவற்றையும், பரோட்டா சால்னாவையும், நெய் வழியும் அல்வாவையும் விட்டுவிட்டேன். முட்டையின் மஞ்சள் கருவும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் அப்படியில்லை என்பதால் எது தம்மைத் தூண்டுகிறது என்பதை அவரவரே கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும். தாளிப்புக்கு எண்ணெயைப் போத்தலிலிருந்து ஊற்றாமல் தேக்கரண்டியால் அளந்து விடுகிறேன். இட்லி, ரசம், கீரை மசியல், அதிக எண்ணெயில்லாத மீன் குழம்பு, ஆடை நீக்கிய மோர் எல்லாம் சிக்கலின்றிப் போகின்றன. ஆனால் கொழுப்பை அறவே ஒழித்துவிடுவதும், பட்டினி கிடப்பதும் தவறான வழி. நெடுநேரம் சாப்பிடாமல் இருந்தால் பை சுருங்காது. உள்ளே தேங்கிய பித்தநீர் மேலும் குழம்பிக் கசடாகும். மிக வேகமாக எடையைக் குறைப்பவர்களுக்குக் கல் புதிதாக உண்டாவதற்கும் இது ஒரு காரணம். ஆண்டுதோறும் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருந்து திருச்செந்தூர் போகும் வழக்கம் எனக்கு உண்டு. இந்த ஆண்டு வேளைக்குக் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே விரதம் இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை, முருகனும் ஒப்புக்கொள்வான் என்று அத்தையே முடிவு செய்துவிட்டார்.

நான் ஆசிரியையாக இருப்பதால், அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் அறுவை சிகிச்சையை வைத்துக்கொள்ள மருத்துவர் இசைந்திருக்கிறார். அதுவரை மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைக் கைப்பையிலும் வீட்டிலும் வைத்திருக்கிறேன். கடைக்காரர் கொடுக்கும் வேறு எதையும் வாங்குவதில்லை. ஸ்கேன் அறிக்கை, இரத்தப் பரிசோதனை முடிவுகள், காப்பீட்டு அட்டை, ஆதார் நகல் அனைத்தும் ஒரே கோப்பில் பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. வலி ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால், குளிர்காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால் அல்லது சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தால், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே கிளம்பிவிட வேண்டும் என்று கணவரிடமும் மகளிடமும் சொல்லி, ஒரு தாளில் எழுதி அந்தக் கோப்பின்மேலேயே ஒட்டியும் வைத்திருக்கிறேன். இரவிலும் அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனை எது, நாளத்தில் இறங்கிய கல்லை எண்டோஸ்கோப் வழியாக எடுக்கும் ஈஆர்சிபி வசதி எங்கே இருக்கிறது என்பவற்றையும் விசாரித்து, இரண்டு தொலைபேசி எண்களையும் அந்தத் தாளின் அடியில் எழுதியிருக்கிறோம். அந்த வசதி எல்லா ஊர்களிலும் கிடையாது; உங்களுக்கு மிக அருகில் எங்கே இருக்கிறது என்பதை இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.